கட்டைவிரல் அளவுச் செருகியில் 50 ஆம்பியர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டின் மின்பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பிரதான பிரேக்கர். பெரும்பாலும் அதன்மேல் 60 என்று அச்சிட்டிருக்கும். கெய்சர், அடுப்பு, கெட்டில், துணி துவைக்கும் இயந்திரம், விளக்குகள் என்று வீடு முழுவதும் இழுக்கும் மின்னோட்டம் 60 ஆம்பியரைத் தாண்டி நீடித்தால் அது விழுந்துவிடும். அந்தப் பிரேக்கருக்குள் நுழையும் கம்பி பென்சில் கனம் இருக்கும். உரிமம் பெற்ற மின்பணியாளர் அதைத் திருகாணியால் இறுக்கி, சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

அதே வீட்டில், கல்லூரி போகும் பையனின் மேசைக்கடியில் இருக்கும் கணினியில் உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் போகும் மின்னோட்டம் 50 ஆம்பியரை நெருங்கக்கூடும். அங்கே திருகாணி கிடையாது, சான்றிதழும் கிடையாது. கட்டைவிரலால் அழுத்திச் செருகும் ஒரு சிறிய பிளாஸ்டிக் கனெக்டர்தான் இருக்கிறது. 2022ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுவதும் உருகிக் கருகிப்போன படங்களோடு பேசப்படுவது அந்தக் கனெக்டர்தான். டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் கணினி விளையாட்டு ஆடுகிறவர்கள், வீடியோ தொகுப்பவர்கள், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை வீட்டிலேயே ஓட்டிப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கவலை இருக்கிறது. "நீங்கள் சரியாகச் செருகவில்லை" என்பதுதான் அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்தப் பதில் எந்த அளவுக்கு நியாயம் என்று பார்க்கலாம்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை அதை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. வோல்ட் குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நினைப்பது இயல்பு. கையில் ஷாக் அடிக்காது என்ற அளவில் அது உண்மையும்கூட. ஆனால் அதே அளவு திறனை வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க வேண்டுமானால் ஆம்பியரைக் கூட்டியாக வேண்டும். 600 வாட்டை 230 வோல்ட்டில் எடுத்தால் 3 ஆம்பியருக்கும் குறைவுதான். 12 வோல்ட்டில் எடுத்தால் 50 ஆம்பியர். கம்பியையும் பின்னையும் சூடாக்குவது ஆம்பியர், வோல்ட் அல்ல. அதுவும் ஆம்பியரின் வர்க்கத்தில்: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இந்தக் கட்டுரையில் வரும் தொல்லைகள் அத்தனையும் இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவை.

பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளில் எட்டு பின் கனெக்டர் இருந்தது. இன்றும் பல கார்டுகளில் இருக்கிறது. அதற்கு விதித்த வரம்பு 150 வாட். எட்டில் மூன்று பின்கள்தான் 12 வோல்ட்டைக் கொண்டுவருகின்றன. ஆகவே ஒரு பின்னுக்குச் சுமார் 4.2 ஆம்பியர். அந்தப் பின்னோ 8 ஆம்பியர்வரை தாங்கக்கூடியது. விதித்த வரம்புக்கும் உண்மையான தாங்குதிறனுக்கும் இடையே ஏறக்குறைய இரு மடங்கு இடைவெளி. யாரோ அரைகுறையாகச் செருகினாலும், ஒரு பின் தளர்ந்தாலும், கேபிள் மலிவானதாக இருந்தாலும் அந்த இடைவெளி காப்பாற்றிவிடும். ஆண்டுக்கணக்கில் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

கார்டுகளின் பசி வளர்ந்தது. 450 வாட் கார்டுக்கு எட்டு பின் கனெக்டர்கள் மூன்று தேவை. அவை போர்டில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும், கேபிள்களும் அலங்கோலமாகத் தொங்கும். 2020இல் கிராஃபிக்ஸ் சில்லு நிறுவனமான என்விடியா தன் சொந்தத் தயாரிப்புக் கார்டுகளில் பன்னிரண்டு பின் கொண்ட சிறிய கனெக்டரை வைத்தது. அதையே சற்று மாற்றி, மேலே நான்கு சின்ன உணர்பின்களைச் சேர்த்து, பிசிஐ-சிக் என்னும் தொழில்துறைத் தர அமைப்பு பொதுத் தரமாக்கியது. 2022 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 பவர் சப்ளை வழிகாட்டியிலும் அது இடம்பெற்றது. பெயர் 12விஎச்பிடபிள்யூஆர். வாயில் நுழையாத பெயர் என்பதால் எல்லோரும் பதினாறு பின் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

எட்டு பின்னில் பின்களுக்கு இடையே 4.2 மில்லிமீட்டர் இருந்தது. பதினாறு பின்னில் அது 3 மில்லிமீட்டர். பின்கள் சிறுத்தன, வரம்போ 150 வாட்டிலிருந்து 600 வாட்டுக்குத் தாவியது. ஆறு பின்கள் 12 வோல்ட்டைக் கொண்டுவர, ஆறு பின்கள் அதைத் திருப்பி எடுத்துச் செல்கின்றன. 50 ஆம்பியரை ஆறால் வகுத்தால் ஒரு பின்னுக்கு 8.3 ஆம்பியர். பின்னின் தாங்குதிறன் சுமார் 9.5 ஆம்பியர். முன்பு இரண்டு மடங்காக இருந்த பாதுகாப்பு இடைவெளி, பதினைந்து விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

இதைக் கேட்டதும் ஒரு மின்பொறியாளர் முகத்தைச் சுளிப்பார். வரம்பை மீறவில்லைதான். ஆனால் ஆறு பின்களும் சரிசமமாகச் சுமையைப் பகிர்ந்துகொண்டால் மட்டுமே அந்தக் கணக்கு நிற்கும். பகிர்ந்துகொள்ளும் என்று யார் உறுதி தந்தார்கள்?

மின்னோட்டத்துக்கு நியாய உணர்வு இல்லை. இணையாக ஆறு வழிகள் இருந்தால் எது எளிதோ அதில்தான் அதிகம் ஓடும். ஒவ்வொரு வழியின் மின்தடையும் இரண்டு விஷயங்களால் ஆனது: கம்பியின் தடை, இரு முனைகளிலும் பின்னும், செருகியை ஏற்கும் பொருத்துவாயும் தொட்டுக்கொள்ளும் இடத்தின் தடை. கம்பியின் தடை ஏறக்குறைய மாறாது. தொடும் இடத்தின் தடைதான் நிலையில்லாதது. உள்ளே இருக்கும் சின்ன உலோக வில் கொஞ்சம் விரிந்துபோனால், வெள்ளீயப் பூச்சின்மேல் ஆக்சைடு படிந்தால், செருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அது பல மடங்கு கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து வழிகளில் தொடுதல் சரியில்லாமல் போய், ஒவ்வொன்றின் மொத்தத் தடையும் 60 மில்லிஓம் ஆகிவிட்டது. ஆறாவது வழி மட்டும் 12 மில்லிஓமில் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டு இழுப்பது 48 ஆம்பியர். அந்த ஐந்து வழிகளும் சேர்ந்து பாதியை எடுத்துக்கொள்ளும், ஆளுக்கு 4.8 ஆம்பியர். மீதிப் பாதியான 24 ஆம்பியரும் நன்றாக இருக்கும் அந்த ஒரே பின்னின் தலையில் விழும். 8 ஆம்பியரில் ஓட வேண்டிய பின் மூன்று மடங்கு சுமக்கிறது, ஒன்பது மடங்கு சூடாகிறது. இங்கே கெட்டுப்போன பின்கள் எரியவில்லை. ஒழுங்காக இருக்கும் பின்தான் எரிகிறது. கருகிய செருகியைப் பார்த்து "இந்தப் பின் சரியாகச் செருகப்படவில்லை" என்று விரலை நீட்டுகிறவர்கள் பல நேரங்களில் தவறான பின்னைச் சுட்டுகிறார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

அப்படியானால் பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று என்ன செய்துகொண்டிருந்தது? அதன் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அது பார்ப்பது மொத்தக் கணக்கை. 48 ஆம்பியர் கேட்டார்கள், 48 ஆம்பியர் போகிறது, எல்லாம் சரி. அது ஒரே கம்பியில் போகிறதா, ஆறாகப் பிரிந்து போகிறதா என்று அது கேட்பதில்லை.

வீட்டு மின்பெட்டியோடு இதை ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தென்னாப்பிரிக்காவின் மின்னிணைப்பு விதிநூல் சான்ஸ் 10142-1. அதன்படி அமைந்த வீட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி பிரேக்கர் உண்டு. விளக்குகளுக்கு வழக்கமாக 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 10 ஆம்பியர் பிரேக்கரும். பிளக்குகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் 20 ஆம்பியர் பிரேக்கரும். பதினாறு பின் கேபிளில் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் சுமார் 1.3 சதுர மில்லிமீட்டர், அதாவது விளக்குக் கம்பியைவிடவும் சன்னமானது. விளக்குச் சுற்றில் 24 ஆம்பியர் ஓடினால் சில நிமிடங்களுக்குள் பிரேக்கர் விழுந்துவிடும். கணினிக்குள் அதே 24 ஆம்பியர் அதைவிடச் சன்னமான கம்பியில் மணிக்கணக்கில் ஓடலாம், தடுக்க யாரும் இல்லை. வீடு கைமாறும்போது இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட மின்சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் கேட்கும் நாடு இது. அந்தக் கண்டிப்பெல்லாம் சுவரில் இருக்கும் பிளக் துளையோடு முடிந்துவிடுகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 2022 அக்டோபர் 12 அன்று என்விடியாவின் 450 வாட் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்தது. பெட்டியோடு, பழைய எட்டு பின் கேபிள்களைப் பதினாறு பின்னாக மாற்றித் தரும் ஓர் அடாப்டரும் வந்தது. அந்த மாதம் முடிவதற்குள் உருகிய அடாப்டரின் படங்கள் வெளிவரத் தொடங்கின. முதலில் அடாப்டருக்குள் இருக்கும் ஈயப்பற்றைக் குறை சொன்னார்கள். பிறகு நவம்பரில் கேமர்ஸ் நெக்சஸ் என்ற அமெரிக்க ஆய்வுக்குழு செருகிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, அறுத்துப் பார்த்து, செருகி முழுதாக உள்ளே போகாமல் ஒரு பக்கமாக இழுபட்டு நின்றால் உருகுவதைச் சோதனையில் காட்டியது. தயாரிப்பின்போது உள்ளே தங்கிவிடும் உலோகத் துகள்களும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றது. அதே மாதம் என்விடியா, உலகளவில் ஏறக்குறைய 50 புகார்கள் தனக்குத் தெரியும் என்றும், முழுதாகச் செருகாததே பொதுவான காரணமாகத் தெரிகிறது என்றும் அறிவித்தது. "பயனரின் தவறு" என்ற சொல் அன்று ஒட்டிக்கொண்டது. இன்றுவரை விடவில்லை.

கேமர்ஸ் நெக்சஸ் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதே கண்டுபிடிப்பை வேறு விதமாகவும் படிக்கலாம். முழுதாகச் செருகியதா இல்லையா என்று கண்ணுக்கும் கைக்கும் தெரியாத, அரைகுறையாக நின்றபோதும் முழுச் சுமையையும் இழுத்துக்கொள்ள அனுமதிக்கும் ஒரு கனெக்டரை வடிவமைத்தது யார்? எட்டு பின் செருகி "டக்" என்று ஓசையெழுப்பிப் பூட்டிக்கொள்ளும். பதினாறு பின்னின் முதல் தலைமுறையில் அந்த ஓசை பல நேரங்களில் கேட்கவே கேட்காது. அதன் நான்கு உணர்பின்களில் இரண்டின் வேலை, இந்தக் கேபிள் எத்தனை வாட் தரவல்லது என்று கார்டுக்குச் சொல்வது. ஆனால் அவை நீளமாக இருந்ததால், சுமை தூக்கும் பின்கள் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையிலேயே உணர்பின்கள் தொட்டுவிட்டு "600 வாட், தாராளமாக எடுத்துக்கொள்" என்று பச்சைக்கொடி காட்டிவிடும்.

இது தவறு என்பதைத் தர அமைப்பே மறைமுகமாக ஒப்புக்கொண்டது. 2023இல் வந்த திருத்தத்தில் உணர்பின்கள் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளப்பட்டன. சுமைப்பின்கள் கால் மில்லிமீட்டர் நீண்டன. உணர்பின்கள் தொடாவிட்டால் கார்டு மின்சாரம் எடுக்கவே கூடாது என்று விதி மாறியது. முந்தைய விதிப்படி அப்போதும் 150 வாட் எடுக்கலாம். புதிய பெயர் 12வி-2×6. கேபிள் பக்கத்துச் செருகி மாறவில்லை, கார்டில் இருக்கும் பொருத்துவாய்தான் மாறியது. அரைகுறைச் செருகல் என்ற ஒரு நோய்க்கு இது நல்ல மருந்து. சுமை சமமாகப் பிரியாமை என்ற மற்ற நோயை அது தொடவில்லை.

நடுவில் அடாப்டர்களின் கதை ஒன்று. கார்டு அகலமாக இருப்பதால் கேபிள் கணினிப் பெட்டியின் கண்ணாடியில் மோதி மடங்கும். அதைத் தவிர்க்க கேபிள்மாட் என்ற நிறுவனம் செங்கோணத்தில் திரும்பும் அடாப்டரை விற்றது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வழியாக அவை திரும்பப் பெறப்பட்டன. சுமார் 25,300 அடாப்டர்கள், தளர்ந்து சூடாகி உருகியதாக 272 புகார்கள். ஒரு கூடுதல் இணைப்பு என்றால் தொடும் இடங்கள் இன்னொரு பன்னிரண்டு கூடுகின்றன என்று பொருள். அழகுக்காக வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2025 ஜனவரி 30 அன்று ஆர்டிஎக்ஸ் 5090 வந்தது. 575 வாட். அதே கனெக்டர், திருத்திய பொருத்துவாயோடு. ஒரு பின்னுக்கு 8 ஆம்பியர், இடைவெளி இன்னும் குறுகியது. இரண்டு வாரம் ஆவதற்குள் உருகிய முதல் செருகி வெளிவந்தது. டெர்பாவர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய வன்பொருள் வல்லுநர் தன் சொந்தக் கார்டை ஓடவிட்டு, கேபிளின் ஒவ்வொரு கம்பியையும் அளந்து காட்டினார். ஒரு கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது, வேறு சிலவற்றில் இரண்டு மூன்றுதான். சில நிமிடங்களில் பவர் சப்ளை முனையில் 150 டிகிரி செல்சியஸ். வேறு சிலர் இதே சோதனையைச் செய்தபோது கம்பிகள் ஒழுங்காகப் பகிர்ந்துகொண்டன. அதனால் அவர் அளந்தது பிழை என்று ஒரு தரப்பு வாதிட்டது. என் பார்வையில் இந்த முரண்பாடே விடை. ஒருவருக்கு ஒழுங்காகவும் இன்னொருவருக்குக் கோணலாகவும் ஓடுகிறது என்றால், கணினியின் பாதுகாப்பு தொடும் இடங்களின் அதிர்ஷ்டத்தில் தொங்குகிறது என்றுதானே பொருள்?

பில்ட்ஸாய்ட் என்ற பெயரில் இயங்கும் ஆய்வாளர் கார்டுகளின் போர்டை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து ஒரு விஷயத்தைக் கவனப்படுத்தினார். 2022 மார்ச்சில் வந்த ஆர்டிஎக்ஸ் 3090 டிஐ கார்டிலும் இதே பதினாறு பின்தான், 4090இன் அதே 450 வாட்தான். ஆனால் அதன் போர்டு ஆறு பின்களை இரண்டிரண்டாக மூன்று அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியின் மின்னோட்டத்தையும் தனியாக அளந்து, சுமையைச் சமன்செய்கிறது. ஓர் அணிக்கு வர வேண்டிய சுமை இன்னோர் அணியின்மேல் ஏற முடியாது. 4090இல் அந்த ஏற்பாடு போய்விட்டது. ஆறு பின்களும் கார்டுக்குள் நுழைந்தவுடன் ஒரே செப்புத் தளத்தில் கலந்துவிடுகின்றன, அதன்பின் எந்தப் பின்னில் எவ்வளவு வந்தது என்று கார்டுக்கே தெரியாது. 5090இலும் அப்படியே. 3090 டிஐ உருகியதாகப் பேச்சு அதிகம் எழவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கனெக்டர் சிறியது என்பது பாதிக் காரணம். காவல்காரனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது மீதிப் பாதி. மின்னோட்டத்தை அளக்க உதவும், சில சென்ட் விலையுள்ள மின்தடையங்களையும் போர்டில் கொஞ்சம் இடத்தையும் மிச்சப்படுத்தி, 1,999 டாலர் கார்டை இப்படி விற்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. அந்த விலையைத் தென்னாப்பிரிக்க ராண்டில் மாற்றி, 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் கட்டி வாங்குகிறவருக்கு எரிச்சல் இன்னும் கூடும்.

எல்லாத் தயாரிப்பாளர்களும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஏசுஸ் தன் ஆஸ்ட்ரல் வகை 5090 கார்டில் ஒவ்வொரு பின்னின் மின்னோட்டத்தையும் அளந்து எச்சரிக்கும் வசதியை வைத்தது. அதுவும் எச்சரிக்கும், அவ்வளவுதான், சுமையைச் சமன்செய்யாது. எம்எஸ்ஐ தன் கேபிளின் முனைக்கு மஞ்சள் நிறம் தீட்டியது. மஞ்சள் வெளியே தெரிந்தால் இன்னும் உள்ளே தள்ள வேண்டும் என்று அர்த்தம். எளிய யோசனை, முதல் நாளே வந்திருக்க வேண்டியது. இந்தக் கவலை என்விடியாவோடு நிற்பதில்லை. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரேடியான் 9070 எக்ஸ்டி கார்டுகளில் பெரும்பாலானவை எட்டு பின்னிலேயே இருக்க, ஓரிரு தயாரிப்பாளர்கள் பதினாறு பின்னுக்கு மாறினார்கள்.

டர்பனில் ஓவர்போர்ட் பக்கம் கணினி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரின் மேசையில் அப்படிக் கருகிய கேபிள் முனை ஒன்றைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை, கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்புத் தழும்பு. கிட்டத்தில் பார்த்தால் பன்னிரண்டு சதுரத் துளைகளில் பதினொன்று கூர்மையான விளிம்போடு நிற்கின்றன. ஓரத்துத் துளை ஒன்று மட்டும் வட்டமாகிவிட்டது. அதன் சுவர் உள்ளே சரிந்து, உலோகக் குழலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குழல் வெள்ளி நிறம் போய் நீலமும் பழுப்புமாகியிருக்கிறது. அதிலிருந்து புறப்படும் கம்பியின் உறை முதல் இரண்டு சென்டிமீட்டருக்குப் பளபளப்பிழந்து விறைத்திருக்கிறது. பக்கத்துக் கம்பிகள் புதிதுபோல வளைகின்றன. மேலே பூட்டும் நாக்கில் ஒரு கீறல்கூட இல்லை. அது கடைசிவரை பூட்டியபடியே இருந்திருக்கிறது.

கார்டைக் கொண்டுவந்த இளைஞர் பக்கத்தில்தான் நின்றார். "அழுத்திச் செருகி, இழுத்தும் பார்த்தேன், அண்ணா. கடையில் நம்ப மாட்டேன் என்கிறார்கள். முதலில் நான் சரியாகச் செருகவில்லை என்றார்கள், அப்புறம் லோட் ஷெடிங்கில் மின்னெழுச்சி வந்திருக்கும் என்றார்கள்" என்றார். நண்பர் பூதக்கண்ணாடியிலிருந்து தலையை எடுக்காமலே, "மின்னெழுச்சி வந்தால் முதலில் போவது பவர் சப்ளை, தம்பி. அது சிரித்துக்கொண்டு ஓடுகிறதே" என்றார்.

லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு தென்னாப்பிரிக்காவில் எல்லாக் கோளாறுக்கும் கைவசம் இருக்கும் சாக்கு என்பதால் இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஆறாம் நிலைவரை மின்வெட்டு இருந்தது, ஒரு நாளைக்குப் பல மணி நேரம் இருட்டு. மின்சாரம் திரும்பும்போது வரும் எழுச்சியில் குளிர்சாதனப் பெட்டிகளும் தொலைக்காட்சிகளும் கெட்டுப்போனது உண்மை. ஆனால் கணினியில் அந்த எழுச்சி முதலில் சந்திப்பது பவர் சப்ளையின் முன்பக்கச் சுற்றை. அதைத் தாண்டி, மின்மாற்றியின் மறுபக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் வழியில் ஒரே ஒரு பின்னை மட்டும் தேர்ந்தெடுத்துப் பொசுக்கும் வித்தை அதற்குத் தெரியாது. ஒரு பின் மட்டும் கருகி, பவர் சப்ளை நலமாக இருந்தால் அது நீடித்த சூடு, மின்னெழுச்சி அல்ல. காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். மின்னெழுச்சிச் சேதத்துக்குத் தனி வரம்பு வைத்திருக்கும் காப்பீட்டுப் பாலிசிகள் உண்டு, காரணத்தைத் தவறாக எழுதிவிட்டால் அந்த வரம்புக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

டர்பனுக்கென்று ஓர் உண்மையான பிரச்சினை இருக்கிறது என்றால் அது கடற்காற்று. வாயிற்கம்பியையே தின்றுவிடும் உப்பும் ஈரமும் வெள்ளீயப் பூச்சுப் பின்னை விட்டுவைக்குமா? சூடாவதும் குளிர்வதுமாக நாள்தோறும் அசையும் தொடுமுனையில் ஆக்சைடு படியப் படியத் தடை கூடும். கூடவே, இந்தக் கனெக்டர் 30 முறை செருகி எடுக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. வார இறுதியில் நண்பர் வீட்டுக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு போய் விளையாடுகிறவர்கள், சுத்தம் செய்வதற்காக அடிக்கடி கார்டைக் கழற்றுகிறவர்கள் அந்த எண்ணிக்கையை விரைவில் எட்டிவிடுவார்கள்.

சட்டத்துக்கு வருவோம். பழி யார்மேல் என்ற வழக்கு அமெரிக்காவில் 2022 நவம்பரிலேயே நீதிமன்றம் ஏறியது. அதே காலத்தில் பிசிஐ-சிக், தன் தரத்தைப் பயன்படுத்தும் உறுப்பினர்கள் பயனரின் பாதுகாப்புக்குத் தேவையான சோதனைகளைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்று நினைவூட்டியது. தரம் எழுதியவர் தயாரித்தவரைக் கைகாட்டினார், தயாரித்தவர் வாங்கியவரைக் கைகாட்டினார். தென்னாப்பிரிக்காவில் வாங்கியவருக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம், பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். கடைக்காரர் தேர்ந்தெடுப்பதல்ல. பழுதுபார்த்த மூன்று மாதத்துக்குள் அதே குறை மறுபடி வந்தால் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் தர வேண்டும். 61ஆம் பிரிவு இன்னும் வலுவானது. பாதுகாப்பற்ற பொருளால் வேறு பொருளுக்குச் சேதம் வந்தால், தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், விற்றவர் என எல்லோரும் பொறுப்பு. அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நிரூபிக்கவும் தேவையில்லை. போதிய எச்சரிக்கை தராததும் அந்தப் பிரிவுக்குள் வரும். கருகிய கார்டோடு மதர்போர்டோ மேசையோ சேர்ந்து போனவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடை மறுத்தால் நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இதில் ஓட்டை ஒன்று இருக்கிறது. வாங்கியவர் அறிவுறுத்தலுக்கு மாறாகப் பொருளை மாற்றியமைத்திருந்தால் 56ஆம் பிரிவின் உத்தரவாதம் நில்லாது. வேறு நிறுவனத்தின் வண்ணக் கேபிளையோ கோண அடாப்டரையோ போட்டிருந்தால் கடைக்காரர் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். பவர் சப்ளையோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள் என்று சொல்வதற்கு மின்காரணத்தைவிட இந்தச் சட்டக்காரணம் வலுவானது.

வைத்திருக்கிறவர்கள் செய்யக்கூடியது அதிகம் இல்லை. இருப்பதில் பயனுள்ளது, கார்டின் மின்வரம்பை மென்பொருளில் குறைப்பது. 575 வாட்டை 400 வாட்டாக்கினால் ஒரு பின்னுக்கு 8 ஆம்பியர் 5.6 ஆகிறது, தொடும் இடத்தின் சூடு பாதிக்கும் கீழே போகிறது. வேகம் அந்த விகிதத்தில் குறைவதில்லை. விளையாட்டில் பலருக்கு வித்தியாசமே தெரியாது. டர்பனில் கோடையான பிப்ரவரி மாதத்தில் அறையும் கொஞ்சம் குளிரும். செருகும்போது கணினியைப் படுக்கவைத்து, விளக்கடியில் வைத்து, செருகிக்கும் பொருத்துவாய்க்கும் இடையே கோடு தெரிகிறதா என்று நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். செருகியிலிருந்து முதல் 35 மில்லிமீட்டருக்குக் கேபிளை மடக்கக் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிப் பரிசோதிப்பது என்ற நல்லெண்ணப் பழக்கம் அந்த 30 முறைக் கணக்கைத்தான் தின்னும். அதற்குப் பதிலாக, கிடுக்கி மீட்டர் (கிளாம்ப் மீட்டர்) வைத்திருக்கும் மின்பணியாளர் நண்பர் யாராவது இருந்தால், கார்டு முழுச் சுமையில் ஓடும்போது ஆறு கம்பிகளையும் ஒவ்வொன்றாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நேர்மின்னோட்டத்தை (டிசி) அளக்கும் மீட்டராக இருக்க வேண்டும், வீட்டுச் சுற்றுக்கு வைத்திருக்கும் சாதாரணக் கிடுக்கி இதில் எதையும் காட்டாது. ஒரு கம்பி 10 ஆம்பியரைத் தாண்டினால் கேபிளை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பழைய கார்டு வாங்குகிறவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தனி ஆள் தன் கார்டை விற்கும்போது அது வியாபாரம் அல்ல என்பதால் மேலே சொன்ன சட்டம் துணைக்கு வராது. 4090களும் 5090களும் இப்போது கைமாறிக்கொண்டிருக்கின்றன. பணத்தை எண்ணும் முன் கைப்பேசி விளக்கைப் போட்டு, பொருத்துவாய்க்குள் பாருங்கள். பன்னிரண்டு பின்களும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மங்கியிருந்தாலோ, துளைவிளிம்பு ஒன்று மட்டும் மழுங்கியிருந்தாலோ, பொருத்துவாய் மட்டும் கார்டின் வயதுக்குப் பொருந்தாமல் புத்தம்புதிதாக ஈயம் பற்றப்பட்டிருந்தாலோ விலையைப் பேசுவதற்கு முன் விற்பவரிடம், கார்டோடு பயன்படுத்திய கேபிளையும் காட்டச் சொல்லுங்கள். கார்டை மட்டும் துடைத்துக் கொண்டுவந்து, கேபிளை வீட்டில் விட்டுவிட்டேன் என்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.